ஓரம் மடிக்காத துணி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பிரிவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் மாதர் பிரிவினர் பேச எழுந்தால் கோலத்தைப் பற்றியோ, குழந்தை வளர்ப்பைப் பற்றியோ, சிக்கனத்தைப் பற்றியோ பேசுவர் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இவ்வாண்டு நாங்கள் ஒரு துண்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். துண்டு என்றதும் பின்வரிசையில் சிலர் புன்முறுவல் பூப்பது இங்கிருந்தே தெரிகின்றது. பூக்கட்டும். பேச்சு முடியும்வரை அது வாடாதிருந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

நம் காலனியில் பிறந்து, நம் தமிழ் வகுப்பில் அகரம் பயின்ற இளைஞர் ஒருவர் இப்பொழுது ஜப்பான் நாட்டில் ஒசாகா நகரில் பணியாற்றுகின்றார். சென்ற பொங்கலையொட்டி விடுமுறையில் வந்தவர், மாதர் பிரிவுக்கென்று நாற்பது கைத்துண்டுகளைக் கொணர்ந்து தந்தார். மெல்லிய பருத்தித் துணி. நீலமும் பச்சையும் செம்மையுமாகக் கண்ணைக் கவரும் உருவங்கள். எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் அவர் ஊர் திரும்பிய பின்னர் ஒன்றைக் கவனித்தோம். ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளும் வெட்டியது வெட்டியபடியே இருந்தன. நூல் பிரிந்து தொங்கிற்று. 'பாவம், அரைகுறையாக முடிந்த சரக்கை யாரோ பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்கள்' என்று இரங்கினோம். இரங்கியதோடு நின்றோமா? மூன்று தையல் இயந்திரங்களை வைத்து, இரண்டு மாலைப் பொழுதுகளில், நாற்பது துண்டுகளின் எண்பது முனைகளையும் மடித்து ஓரம் அடித்து முடித்தோம். முடித்ததைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியும் வைத்தோம்.

உடனே மறுமொழி வந்தது. "அத்தை, மிக அழகாகத் தைத்திருக்கின்றீர்கள். ஆனால் அந்தத் துண்டுக்கு ஓரம் அடிக்கக் கூடாது. அடிக்காமல் விடுவதில்தான் அதன் சிறப்பே இருக்கின்றது" என்று பணிவோடு எழுதியிருந்தார். தைப்பதற்கு இரண்டு மாலைகள் ஆயின; பிரிப்பதற்கு நான்கு மாலைகள் ஆயின. பிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் வினவத் தொடங்கினோம். ஏன் ஓரம் அடிக்கக் கூடாது? அந்த உருவங்களுக்குப் பொருள் உண்டா? அந்த இளைஞரைக் கேட்டும் நூல்களைப் படித்தும் நாங்கள் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

அத்துணிக்குப் பெயர் 'தெனுகுய்' என்பது. 'தே' என்றால் கை. 'நுகுய்' என்றால் துடைப்பது. கை துடைக்கும் துணி என்னும் எளிய பெயர். அகலம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர்; நீளம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். நம் அளவில் சொன்னால் ஒரு முழம் அகலமும் இல்லை. இரண்டு முழ நீளம் உண்டு. நெடுந்துணியாக நெய்து, சாயமிட்டு, பிறகு துண்டு துண்டாக வெட்டுவர். ஆதலின் நீளவாட்டில் இருபுறமும் நெய்த கரை இருக்கும். குறுக்கே வெட்டிய இரு முனைகளும் திறந்தே இருக்கும். முதற் சில சலவைகளில் நூல் சிறிது பிரியும். தொங்கும் நூலைக் கத்தரித்துவிட வேண்டும். சிறிதளவு பிரிந்தபின் அது தானே நின்றுவிடும்.

ஓரம் அடித்தால் மடிப்பிற்குள் ஈரம் தங்கும். ஈரம் தங்கும் இடத்தில் அழுக்கும் தங்கும். அடிக்காவிட்டால் துணி விரைவில் உலரும். மழையும் புழுக்கமும் மிகுந்த நாட்டில் இது சிறிய செய்தி அன்று. மற்றொரு பயனும் உண்டு. காயம் பட்டவர்க்குக் கட்டுப்போட வேண்டுமானாலும், நடுவழியில் மரச் செருப்பின் வார் அறுந்துபோனாலும், கத்தரி தேடாமல் கையாலேயே நெடுகக் கிழித்துக்கொள்ளலாம். பிறருக்கு உதவும்பொருட்டுக் கிழிவதற்கு ஆயத்தமாக இருக்கும் துணி அது. அதனையன்றோ நாங்கள் தைத்து மூடினோம்!

இனி அந்நாட்டுக்குப் பருத்தி வந்த கதையைச் சொல்ல வேண்டும். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அக்கதையில் சிறிது உரிமை உண்டு.

799-ஆம் ஆண்டில் ஜப்பானில் மிகாவா என்னும் கடற்கரைப் பகுதியில் சிறு படகு ஒன்று ஒதுங்கிற்று. இன்று அப்பகுதி ஐச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. படகில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் தனியே இருந்தான். அவன் பேசிய மொழி எவர்க்கும் விளங்கவில்லை. அந்நாட்டு மொழியைச் சிறிது சிறிதாகக் கற்றபின், தான் 'தென்ஜிகு' நாட்டவன் என்று கூறினான். தென்ஜிகு என்பது பழைய ஜப்பானியர் இந்தியாவுக்கு வழங்கிய பெயர். அவன் உடைமைகளை ஆராய்ந்தபோது விதைகள் சில அகப்பட்டன. அவை பருத்தி விதைகள். மறு ஆண்டில், 800-இல், அவ்விதைகளைப் பல மாநிலங்களில் பயிரிடச் செய்தனர் என்று அந்நாட்டு அரசு வரலாற்றுக் குறிப்பு கூறுகின்றது. அப்பயிர் நிலைக்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்தே பருத்தி அம்மண்ணில் வேரூன்றியது. ஆயினும் முதல் விதை கொணர்ந்தவனை அம்மக்கள் மறக்கவில்லை. ஐச்சியின் நிஷியோ நகரில் அவனைப் பருத்தித் தெய்வமாக வழிபடும் கோயில் இன்றும் உள்ளது.

அந்த வரலாற்றுக் குறிப்பில் அவனுடைய தோற்றமும் சொல்லப்பட்டிருக்கின்றது. முதுகைத் துணியால் மூடியிருந்தான். இடையில் கோவணம் கட்டியிருந்தான். இடத் தோளில் கருநீலத் துணி ஒன்றை அணிந்திருந்தான். ஒற்றை நரம்புக் கருவி ஒன்றை எப்பொழுதும் மீட்டிக்கொண்டு பாடுவானாம். அப்பாட்டின் குரல் துயரம் நிறைந்திருந்ததாம்.

அவன் இந்தியாவின் எப்பகுதியைச் சேர்ந்தவன், எந்த மொழியில் பாடினான் என்பதற்கு ஏட்டில் விடை இல்லை. இல்லாத உரிமையைக் கொண்டாடுதல் அறமும் அன்று. ஆனால் தன் மொழி புரியாத ஊரில், தோளில் ஒரு துணியோடு, தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்த அவனை நினைக்கும்பொழுது, முதன்முதலில் இந்நகரத்துப் புகைவண்டி நிலையத்தில் தகரப் பெட்டியோடு இறங்கி நின்ற நம் முன்னோர் நினைவுக்கு வராமல் போவரோ?

பின்வந்த நூற்றாண்டுகளில் உறவு வணிகமாயிற்று. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் நம் நாட்டுத் துணிகளை ஜப்பானுக்குக் கொண்டுசென்றனர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற கோடுபோட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'சந்தோமே'. சென்னை மயிலாப்பூரை அடுத்த சாந்தோம்தான் அப்பெயரில் வாழ்கின்றது. பின்னர் அவர்களே தம் நாட்டில் அத்தகைய துணியை நெய்தபோதும் அப்பெயரை மாற்றவில்லை. நாம் இன்று வாழும் இம்மும்பைக்குத் தெற்கே சவுல் என்னும் பழைய துறைமுகம் ஒன்று உண்டு. அத்துறையின் பெயரால் 'சாவு' என வழங்கிய கோட்டுப் பட்டும் ஜப்பானில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. பிறந்த நாட்டுத் துறையும் வந்து சேர்ந்த நாட்டுத் துறையும் ஒருங்கே அங்கே துணிகளின் பெயராய் நிற்பதைக் கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எவ்வாறு கூறுவோம்!

பருத்தி பெருகிய பின்னரே கைத்துண்டு எளியவர்தம் கைக்கு வந்தது. டோக்குகாவா ஆட்சிக் காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, இன்றைய டோக்கியோ நகரம் எடோ என்று வழங்கிற்று. வணிகரும் கைவினைஞரும் உழவரும் எத்தகைய துணியை உடுக்கலாம், எதை உடுக்கலாகாது என்று அரசு ஆணைகள் பிறப்பித்துக்கொண்டே இருந்தது. பட்டும் பகட்டும் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. கையில் பணம் இருந்தும் உடலில் காட்ட வழியில்லை. அந்நிலையில் ஒரு சாண் பருத்தித் துணி அவர்கள் கற்பனைக்கு வீடாயிற்று. ஆடையில் காட்ட முடியாத அழகைத் துண்டில் காட்டினார்கள்.

1784-ஆம் ஆண்டில், சாந்தோ கியோடென் என்னும் எழுத்தாளரும் ஓவியருமான ஒருவர், எடோ நகரின் ஷினோபாஸு குளக்கரையில் கைத்துண்டுப் போட்டி ஒன்றையே நடத்தினார். பலர் தத்தம் கற்பனைக்கேற்ப உருவங்களைத் தீட்டி அனுப்பினர். அவற்றைத் திரட்டி அவர் நூலாகவும் வெளியிட்டார். நாம் கவியரங்கம் நடத்துவதுபோல் அவர்கள் துண்டரங்கம் நடத்தியிருக்கின்றார்கள்!

உருவங்களைப் பரப்பியவர்களில் முதலிடம் கபூக்கி நாடக நடிகர்களுக்கு உரியது. 1741-இல் சனோகாவா இச்சிமட்சு என்னும் இளம் நடிகர், வெள்ளையும் கருநீலமும் மாறி மாறி வரும் கட்டங்கள் கொண்ட கீழாடையுடன் மேடை ஏறினார். நகரத்துப் பெண்கள் அக்கட்டங்களில் மயங்கினார்கள். சதுரங்கப் பலகை போன்ற அவ்வுருவுக்கு இன்றளவும் 'இச்சிமட்சு' என்றே பெயர். 2020-ஆம் ஆண்டின் பெயரால் 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியின் சின்னத்திலும் அக்கட்டங்களே இடம் பெற்றன.

சிலேடை என்றால் காளமேகப் புலவரை நினைப்பவர்கள் நாம். ஜப்பானியர் சிலேடையைத் துணியிலேயே எழுதினார்கள். ஒரு துண்டில் மூன்று உருவங்கள் மாறி மாறி வரும். முதலில் ஓர் அரிவாள். அடுத்து ஒரு வட்டம். மூன்றாவதாக அவர்தம் எழுத்துகளுள் ஒன்றாகிய 'னு'. அரிவாளுக்கு 'கம' என்று பெயர். வட்டத்திற்கு 'வ' என்று பெயர். மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'கமவனு' என்றாகும். 'பொருட்படுத்த மாட்டேன், எது வரினும் கவலை கொள்ளேன்' என்பது அதன் பொருள். முன்பே நகரத்து வீரர்கள் சிலர் அணிந்திருந்த இவ்வுருவை மேடையில் அணிந்து நாடறியச் செய்தவர் ஏழாம் இச்சிகாவா டான்ஜூரோ என்னும் பெருநடிகர்.

இதற்கு விடை கூறுவதுபோல் மூன்றாம் ஒனோயே கிக்குகோரோ என்னும் நடிகர் மற்றோர் உருவைப் பரப்பினார். கோடரி, நரம்பிசைக் கருவி, சாமந்திப்பூ ஆகிய மூன்றும் அதில் வரும். கோடரி 'யோகி', இசைக்கருவி 'கோத்தோ', சாமந்தி 'கிகு'. சேர்த்துப் படித்தால் 'நல்ல செய்தியைக் கேட்கின்றேன்' என்பது பொருள். ஒருவர் 'கவலை இல்லை' என்கின்றார்; மற்றவர் 'நல்லதே கேட்போம்' என்கின்றார். வீட்டில் மாட்டிவைக்க இவற்றினும் நல்ல வாசகங்கள் வேறு வேண்டுமோ?

ஆனால் 'கமவனு' என்று சொல்வது எளிது. அதற்கு விலை கொடுப்பது கடினம். ஆடம்பரத்தை ஒடுக்க முனைந்த அரசு, 1842-இல் அந்த டான்ஜூரோவையே எடோ நகரிலிருந்து வெளியேற்றியது. மேடையில் கோலோச்சியவர் ஊர் ஊராகச் சென்று நடித்துப் பிழைக்க நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே மன்னிப்புப் பெற்று நகர் திரும்பினார். அவர் பரப்பிய அரிவாளும் வட்டமும் இன்றும் கடைகளில் விற்கப்படுகின்றன.

மற்ற உருவங்களிலும் பொருள் பொதிந்திருக்கின்றது. ஆறு முனை விண்மீன் போன்று அடுக்கடுக்காக வரும் 'அசனோஹா' என்பது சணல் இலை. சணற்செடி வளையாமல் விரைந்து வளரும். ஆதலால் பச்சைக் குழந்தையின் சட்டைக்கு அவ்வுருவையே தேர்ந்தெடுப்பர். மீன் செதில்போல் அரைவட்டங்கள் அடுக்கிய 'செய்கைஹா' ஓயாத கடலலையைக் குறிக்கும். அமைதி அலையலையாக நீடிக்க வேண்டும் என்னும் வாழ்த்து அது. முக்கோணங்கள் அடுக்கிய 'உரோகோ' பாம்பின் செதில். தீமையை அண்டவிடாது என்பது நம்பிக்கை. அம்பின் இறகு உருவம் மணமகளுக்கு உகந்தது. எய்த அம்பு திரும்பி வராதாம். நம் தாய்மார்கள் இதைக் கேட்டுச் சற்றே முகம் சுளித்தார்கள். பிறந்த வீட்டுக்குத் திரும்பாதே என்பதை எந்த நாட்டில் எந்த அழகிய உருவில் சொன்னாலும் பெண்ணுக்கு அது கசக்கவே செய்கின்றது. தும்பி முன்னோக்கியே பறக்கும் என்று கருதி அதனை வெற்றிப் பூச்சி என்பர். போர்வீரர் அதை விரும்பினர். சிறு சிறு புள்ளிகள் வரிசையிட்ட 'மமெஷிபோரி'யில் 'மமெ' என்பது அவரை போன்ற பருப்பு. அதே ஒலிக்கு உடல்நலம் என்னும் பொருளும் உண்டு.

இவ்வுருவங்களைத் துணியில் ஏற்றும் முறையை அறிந்தபின் எங்கள் வியப்பு பன்மடங்காயிற்று. அம்முறைக்குச் 'சூசென்' என்று பெயர்; ஊற்றிச் சாயமேற்றுதல் என்பது பொருள். மெய்ஜி காலத்தில் ஒசாகாப் பகுதியில் தோன்றிய முறை இது.

முதலில் உருவத்தை ஒரு வலிய தாளில் வெட்டி எடுப்பர். இத்தகைய அச்சுத்தாளுக்குப் பேர்போனது மியே மாநிலத்தின் சுசுகா நகரம். சீமைப் பனிச்சைக் காயின் துவர்ச்சாற்றைப் பூசி ஒட்டிய தாள் அது; நனைந்தாலும் நைந்து போகாது. நெடுந்துணியின் ஒரு முனையை மேசைமேல் விரித்து, அச்சுத்தாளை வைத்து, சாயம் ஏறாமல் தடுக்கும் பசையை மரத் தகட்டால் இழுத்துப் பூசுவர். பிறகு துணியைச் சேலைக் கொசுவம்போல் முன்னும் பின்னுமாக மடித்து, ஒவ்வொரு மடிப்பின் மேலும் மீண்டும் தாளை வைத்துப் பசை பூசுவர். இவ்வாறு பல மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இம்மியும் பிசகாமல் அமைய வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் உருவம் கலைந்துவிடும்.

அதன்பின் நீண்ட மூக்குள்ள கெண்டியால் சாயத்தை மேலிருந்து ஊற்றுவர். அடியிலிருந்து பொறி ஒன்று சாயத்தை உறிஞ்சி இழுக்கும். மடிப்புகள் அனைத்தையும் ஊடுருவிச் சாயம் இறங்கும். பல நிறங்கள் வேண்டுமாயின், நிறத்துக்கு நிறம் பசையால் வரப்புக் கட்டி, வரப்புக்குள் அந்தந்தச் சாயத்தை வார்ப்பர். வயலுக்கு நீர் பாய்ச்சுவதுபோலத்தான். இரு நிறங்களை அருகருகே ஊற்றி ஒன்றில் ஒன்று கரையச் செய்வதும் உண்டு. பிறகு அடுக்கைப் புரட்டிப்போட்டு மறுபுறமும் ஊற்றுவர். ஓடும் நீரில் பசையைக் கழுவி, உயர்ந்த சாரத்திலிருந்து நெடுந்துணியைத் தொங்கவிட்டு உலர்த்துவர். பின்னரே வெட்டுவர்.

சாயம் நூலின் உள்ளே இறங்குவதால் அத்துணிக்கு முன்புறம் பின்புறம் என்னும் வேறுபாடு இல்லை. இருபுறமும் ஒரே நிறம், ஒரே உருவம். மேலே மட்டும் அச்சிட்ட துணியைப் புரட்டினால் வெளுத்துக் காட்டும், இது காட்டாது. உள்ளும் புறமும் ஒன்றாய் இருத்தல் மனிதர்க்கே அரிதாயிருக்கையில் ஒரு துணிக்கு வாய்த்திருக்கின்றது. கையால் ஊற்றுவதால் ஒரு துண்டைப்போல் மற்றொன்று முற்றிலும் ஒத்திராது. அதைக் குறையென்று அவர்கள் கருதுவதில்லை.

இத்துண்டின் பயன்கள் பல. கை துடைக்கலாம், தலையில் முறுக்கிக் கட்டலாம், உணவுப் பெட்டியைப் பொதியலாம். கெண்டோ என்னும் வாட்பயிற்சியில் முகக் கவசத்திற்குள் தலைக்கு இதனையே கட்டுவர். 'ரக்குகோ' என்னும் கதை சொல்லும் கலையில் கலைஞர் மேடையில் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பார். அவர் கையில் ஒரு விசிறியும் ஒரு தெனுகுயும் மட்டுமே இருக்கும். அத்துண்டே பணப்பையாகும், புத்தகமாகும், கடிதமாகும். கேட்போர் மனத்தில் எதுவாக வேண்டுமோ அதுவாகும். கடைக்காரரும் நடிகரும் தம் பெயரும் சின்னமும் பொறித்த துண்டைப் புத்தாண்டிலும் திருவிழாவிலும் பிறர்க்கு அளித்து வணக்கம் தெரிவிப்பர். பழையதாகி நிறம் மங்கியபின் பல துண்டுகளை ஒன்றாக வைத்துத் தைத்துத் தரை துடைக்கும் துணியாக்குவர். கடைசி நூல் உள்ளவரை அது உழைக்கும்.

எனினும் காலம் எவரையும் விட்டுவைப்பதில்லை. 1887-இல் ஒசாகாவுக்குத் தெற்கே இசுமிசானோவில், மேலைநாட்டு முறைப்படி, நாம் டர்க்கித் துண்டு என்று சொல்லும் நூல்வளையத் துவாலையை நெய்யத் தொடங்கினர். 1894-இல் இமபாரி என்னும் ஊரும் அத்தொழிலில் இறங்கிற்று. அத்துவாலை நீரை மிகுதியாக உறிஞ்சிற்று; மெத்தென்று இருந்தது. வீடுகளில் மெல்ல மெல்லத் தெனுகுயின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. சாயப் பட்டறைகள் குறைந்தன. ஆனால் அறவே அழியவில்லை. சிலர் அதைச் சுவரில் ஓவியமாக மாட்டத் தொடங்கினர். சிலர் புதிய உருவங்களைத் தீட்டினர். சிலர் விடாமல் கை துடைத்துக்கொண்டே இருந்தனர். ஒசாகாவின் ஊற்றுச்சாயத் தொழிலை அந்நாட்டு அரசு 'நனிவா ஹொன்சோமே' என்னும் பெயரில் 2019-ஆம் ஆண்டு மரபுக் கைவினையாக அறிவித்துச் சிறப்பித்தது.

பெரியோர்களே! இவ்வளவும் பிற நாட்டுச் செய்தி. இனி நம் காலனிச் செய்தி ஒன்று.

நம்மிடையே முதியவர் ஒருவர் இருக்கின்றார். பெயர் வேண்டா. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நகரில் வாழ்பவர். தோளில் துண்டு இல்லாமல் அவரை எவரும் கண்டதில்லை. சென்ற ஆண்டு அவர் பேரனின் பள்ளியில் விழா. புறப்படும் நேரத்தில் பேரன் அருகில் வந்து, "தாத்தா, அந்தத் துண்டு மட்டும் வேண்டாமே. பையன்கள் கேலி செய்வார்கள்" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்து நான்காக மடித்து நாற்காலியின் கையில் வைத்துவிட்டுச் சென்றார். விழாவில் வியர்வை துடைக்கக் கை தோளுக்குச் சென்று சென்று வெறுமையாகத் திரும்பிற்று என்று உடன் சென்ற மருமகள் எங்களிடம் கூறினார். சொல்லும்போது அவர் கண் கலங்கிற்று.

அந்தச் சிறுவன்மீது குற்றமில்லை. அவனுக்கு எவரும் சொல்லவில்லை. தோளில் துண்டு இடும் உரிமையே மறுக்கப்பட்டவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். மேல் சாதியார் என்று சொல்லிக்கொண்டவர் எதிரே வந்தால், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்கவேண்டும் என்று ஒரு கொடிய வழக்கம் நிலவிற்று. 'இனி எடுக்க மாட்டோம்' என்று நிமிர்ந்து நின்றவர்களால் அத்துண்டு தன்மானத்தின் சின்னமாயிற்று. எவனும் மிரட்டி எடுக்கவைக்க முடியாத துண்டை, ஒரு குழந்தையின் கூச்சம் எடுக்கவைத்துவிட்டது. அக்கூச்சத்திற்குப் பொறுப்பு யார்? நாம்தான். ஜப்பானியக் குழந்தைக்குச் சணல் இலையின் பொருளைச் சொல்லத் தாய் இருக்கின்றாள். நம் குழந்தைக்குத் துண்டின் பொருளைச் சொல்ல நமக்கு நேரம் இல்லை.

இதனால்தான் இவ்வாண்டு விழாப் பரிசைப் பற்றிச் செயற்குழுவோடு நாங்கள் வாதிட்டோம். பல ஆண்டுகளாக வந்தோர்க்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அளிப்பது வழக்கம். அதற்குப் பதிலாகக் கைத்தறித் துண்டு அளிப்போம் என்றோம். "துண்டு யாருக்கு வேண்டும்?" என்று கேட்டனர். பொருளாளர் கணக்கைக் காட்டினார். பெட்டியைவிடத் துண்டுக்குச் செலவு மிகுதி. அவர் கூறியதில் தவறில்லை. இரண்டு கூட்டங்களில் முடிவு ஏற்படவில்லை. மூன்றாவது கூட்டத்தில், மாதர் பிரிவு ஆண்டுதோறும் செல்லும் சுற்றுலாவை இவ்வாண்டு நிறுத்தி, அத்தொகையைக் கொண்டு குறையை ஈடுசெய்வதாகக் கூறினோம். செயற்குழுவும் பெருந்தன்மையோடு இசைந்தது.

துண்டுக்கு உருவம் வேண்டுமே! தமிழ் வகுப்பில் ஆசிரியை 'கமவனு'வின் கதையைச் சொல்லி, 'நீங்களும் இப்படி ஒன்று எழுதுங்கள்' என்றார். அடுத்த வாரம் பன்னிரண்டு தாள்கள் வந்தன. அவற்றுள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் தாளில் மூன்றே உருவங்கள். முதலில் 'க' என்னும் எழுத்து. அடுத்து மீனவர் வலை. மூன்றாவது ஓர் இலை. க, வலை, இலை, சேர்த்துப் படியுங்கள். 'கவலை இலை'!

'இல்லை' என்பதற்கு ஓர் எழுத்துக் குறைகின்றதே என்றார் ஆசிரியை. "செய்யுளில் இல்லை என்பது இலை என்றும் வரும் என்று நீங்கள்தானே டீச்சர் சொன்னீர்கள்?" என்றாள் அச்சிறுமி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எடோ நகரத்து நடிகர் துணியில் எழுதிய அதே பொருளை, தமிழகத்தையே விடுமுறைகளில் மட்டும் கண்ட ஒரு குழந்தை தமிழில் எழுதிவிட்டாள். ஞாயிறுதோறும் இந்த வகுப்பை நடத்துவதால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு இனி நாங்கள் அத்தாளையே காட்டுவோம்.

ஈரோட்டுப் பகுதியிலிருந்து கைத்தறித் துணி வரவழைத்தோம். இந்நகரத்து அச்சுத் தொழிலாளர் ஒருவர் உருவை மரக்கட்டையில் செதுக்கி நீலத்தில் அச்சிட்டார். அவர் தமிழ் அறியாதவர். முதல் அச்சில் 'க' கண்ணாடியில் கண்டதுபோல் திரும்பி விழுந்தது. கட்டையை மீண்டும் செதுக்கினார். தவறிய அந்த ஒரு துண்டை நினைவுக்காகச் சங்க அலமாரியில் வைத்திருக்கின்றோம். எங்கள் துண்டு ஊற்றுச் சாயம் அன்று. புரட்டினால் வெளுத்துத்தான் இருக்கும். அதற்காக நாணவில்லை. முதல் முயற்சிதானே!

அவை வாயிலில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று பெற்றுச் செல்லுங்கள். உங்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. பரிசு என்று பெட்டியில் பூட்டாதீர்கள்; பயன்படுத்துங்கள். முதற் சில முறை தனியே துவையுங்கள். நீலம் சிறிது கசியும். வெட்டிய முனையைக் கண்டு இரங்கி ஓரம் அடித்துவிடாதீர்கள். எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டா.

வலையையும் இலையையும் வரைந்தது அந்த முதியவரின் வீட்டுக் குழந்தைதான் என்று சொல்லி முடித்தால் கதை அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. அவர் பேரன் அன்று வகுப்புக்கே வரவில்லை. கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். ஆனால் நேற்று மாலை துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது முதியவர் வந்து தமக்கு இரண்டு வேண்டும் என்றார். ஒன்று அவர் தோளுக்கு, மற்றொன்று பேரனுக்காம். "அவன் வாங்கிக்கொள்வானா, ஐயா?" என்று கேட்டோம். துண்டை விரித்து அந்த மூன்று உருவங்களையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு நடந்தார்.

க, வலை, இலை.